முதுமையில் மீண்டெழுதல்

வட்டார வளர்ச்சி அலுவலகம் என்றவுடன் பலருக்குச் சாலையும் கிணறும் பள்ளிக் கட்டிடமும் நினைவுக்கு வரும். நோயுற்ற முதியோரின் படுக்கையைப் பற்றி வளர்ச்சி அதிகாரி ஒருவர் எழுத வேண்டுவது என்ன என்று வாசகர் வினவலாம். காரணம் உண்டு. ஒரு வீட்டில் முதியவர் ஒருவர் படுத்த படுக்கையாகிவிட்டால், அவரைப் பேணுவதற்கென்று மகளோ மருமகளோ வேலைக்குச் செல்லாமல் நின்றுவிடுகிறாள். அவளது கூலி நிற்கிறது. பேரன் பேத்திகளின் படிப்பு தடைப்படுகிறது. மருந்துச் செலவிற்குக் கடன் புகுகிறது. எழுந்து நடமாடக் கூடிய ஒருவர் எழாமலே போய்விடுவது குடும்பம் முழுவதையும் தாழ்த்தும் இழப்பாகும். இவ்வுண்மையை நாம் அலுவலகக் கோப்புகளிலிருந்து கற்கவில்லை. நமது இல்லத்திலேயே கற்றோம்.

நமது அன்னையார் புதுவை முத்தியால்பேட்டையில் வசிப்பவர். சில ஆண்டுகளுக்கு முன், அவருக்கு எழுபத்திரண்டு வயது நடக்கும்போது, ஐப்பசி மாத மழையில் நனைந்திருந்த பின்கட்டுத் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை செய்து உலோகக் கம்பி வைத்து எலும்பைப் பொருத்தினார்கள். மறுநாளே அவரைக் கட்டிலின் ஓரத்தில் உட்கார வைத்து, நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்து நிற்கவும் செய்தார்கள். வீடு திரும்பும்போது, தினமும் நடக்க வைக்க வேண்டுமென்று டாக்டர் கூறினார்.

நாம் அதைச் செய்யவில்லை. அறுத்துத் தைத்த உடம்பாயிற்றே, மீண்டும் விழுந்தால் என்னாவது என்ற அச்சம் நம்மைப் பற்றிக்கொண்டது. "அம்மா, நீங்கள் அசையவே வேண்டாம், எது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்" என்று உத்தரவிட்டோம். உணவு, நீர், கழிகலம் யாவும் கட்டிலுக்கே வந்தன. மூன்று வாரங்கள் இவ்வாறு கழிந்தன. குதிகாலில் புண் தோன்றிற்று. கணுக்கால் வீங்கிற்று. பசி குறைந்தது. பேச்சும் குறைந்தது. ஒரு நாள் அவர், "எல்லாரும் என்னைப் பார்க்க வருகிறார்கள், தம்பி. நான்தான் யாரையும் பார்க்கப் போவதில்லை" என்றார். அன்று மாலை வந்த உடற்பயிற்சிச் சிகிச்சை நிபுணர் அன்னையாரின் கால்களைச் சோதித்துவிட்டு நம்மைத் தனியே அழைத்து, "எலும்பு நன்றாகத்தான் கூடுகிறது, சார். அம்மாவை நடக்கவிடாமல் வைத்திருப்பது நீங்கள்தான்" என்றார். ஒரு வட்டாரத்துக்கே யோசனை கூறும் உத்தியோகத்திலிருந்த நமக்கு அச்சொல் சுட்டது. ஆனால் அது உண்மை.

படுக்கை செய்யும் கேடு

நோயாளிக்கு ஓய்வு தேவை என்பது பழைய நம்பிக்கை. அறுவைச் சிகிச்சைக்குப் பின் இரண்டு மூன்று வாரம் அசையாது கிடத்தல் ஒரு காலத்தில் மேனாட்டு ஆஸ்பத்திரிகளிலும் வழக்கமாயிருந்தது. 1899-ஆம் ஆண்டில் சிக்காகோ நகரத்து டாக்டர் எமில் ரீஸ் என்பவர், சிகிச்சை முடிந்த நோயாளிகளை விரைவில் எழுப்பி நடக்கச் செய்வது நலம் என்று எழுதினார். பல்லாண்டுகள் வரை அதனைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. 1947-இல் இங்கிலாந்து தேசத்து டாக்டர் ரிச்சர்டு ஆஷர், படுக்கையினால் விளையும் தீங்குகளை உறுப்பு உறுப்பாக எடுத்துக்காட்டிக் கட்டுரை வரைந்தார். இன்று உலகெங்கும், டாக்டர் தடை சொல்லாத வரையில், சிகிச்சை நடந்த அன்றோ மறுநாளோ நோயாளியை எழுப்புவதே முறையாகிவிட்டது.

இதற்குக் காரணங்கள் எளியவை. நாம் நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கி விரிந்து, காலிலுள்ள இரத்தத்தை இதயத்தை நோக்கி மேலே தள்ளுகிறது. அசையாத காலில் இரத்தம் தேங்கி உறைகிறது. அவ்வுறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே அபாயம். மல்லாந்து கிடப்பவரின் நுரையீரலின் அடிப்பகுதி நன்கு விரிவதில்லை; அங்கே சளி தங்கி நிமோனியா வருகிறது. உடலின் எடை தொடர்ந்து அழுத்தும் இடங்களில் இரத்த ஓட்டம் நின்று புண் உண்டாகிறது. மலச்சிக்கல் நேர்கிறது. எலும்பு தன் சுண்ணாம்புச் சத்தை இழக்கிறது. நாட்கணக்கில் படுத்திருந்தவர் திடீரென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றுகிறது. அச்சுற்றலே அடுத்த வீழ்ச்சிக்குக் காரணமாகிறது. பகலும் இரவும் ஒன்றாகிவிட்ட படுக்கையில் முதியோர் மனம் குழம்புவதும் உண்டு.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு சதையின் இழப்பு. 2007-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், நல்ல தேகநிலையிலிருந்த முதியோர் சிலரைப் பத்து நாள் மட்டும் படுக்கையில் இருத்திப் பார்த்தார்கள். அப்பத்து நாளில் அவர்களுடைய கால்களிலிருந்து சராசரியாக ஏறத்தாழ ஒரு கிலோ அளவு சதை குறைந்திருந்தது. நோயற்றவருக்கே இந்நிலை என்றால், சிகிச்சை நடந்து உணவும் குறைந்து கிடக்கும் முதியவரின் நிலையை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

இழந்ததைத் திரும்பப் பெற முடியுமா? முடியும், வயது அதற்குத் தடையன்று. 1990-இல் வெளிவந்த மற்றொரு ஆராய்ச்சியில், பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லமொன்றில் வசித்த, தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு, காலால் எடையை உயர்த்தும் பயிற்சி வாரம் மூன்று நாள் வீதம் எட்டு வாரம் அளிக்கப்பட்டது. பயிற்சியை முடித்தவர்களின் தொடை வலிமை சராசரியாக முன்னிருந்ததைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் உயர்ந்தது. தொண்ணூறில் இயலுவது எழுபதில் இயலாதா?

புதுவை கண்ட ஓர் எடுத்துக்காட்டு

நம் ஊரிலேயே பலரும் அறிந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1910-இல் புதுவைக்கு வந்து தங்கிய ஸ்ரீ அரவிந்தர், 1938-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் தேதி விடியுமுன் தம் அறையில் இடறி விழுந்து தொடையெலும்பு முறிந்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தாறு. சென்னையிலிருந்து நிபுணர் வரவழைக்கப்பட்டார். கத்தி வைக்கவில்லை; காலை மாவுக்கட்டில் இருத்தியும் இழுத்துக் கட்டியும் வாரக்கணக்கில் படுக்கையில் வைப்பதே அந்நாளைய முறை. கட்டுப் பிரித்த பின் முழங்கால் இறுகிப் போயிருந்தது. அதனைச் சிறிது சிறிதாக மடக்கும் பயிற்சி, பிறகு பிறர் துணையோடு சில அடி, பிறகு கைத்தடியோடு நடை என்று படிப்படியாக அவர் மீண்டார். நிரோத்பரன் என்னும் டாக்டர் அருகிருந்து பணிவிடை செய்து, பின்னாளில் அந்த ஆண்டுகளைப் பற்றி நூலும் எழுதினார்.

இதில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. முன்னர் மாத வெளியீடொன்றில் தொடராக வந்திருந்த தம் பெருநூலை அவர் திருத்தி விரித்துப் புத்தகமாக வெளியிட்டது 1939, 1940 ஆகிய ஆண்டுகளில். அஃதாவது இவ்விபத்தை அடுத்த காலத்தில். காலுக்குப் பயிற்சியும் கருத்துக்கு வேலையும் ஒருங்கே நடந்தன. நமது முதியோர் யாவரும் நூல் எழுத வேண்டுவதில்லை. ஆனால் "நாளைக்கு நான் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது" என்ற எண்ணம் ஒவ்வொருவருக்கும் வேண்டும்.

டாக்டர் கோ. வேங்கடசாமியின் வாழ்க்கையும் இதனையே காட்டுகிறது. 1918-இல் பிறந்த அவரை முப்பது வயதளவில் கடும் மூட்டு வாதம் பற்றி, நெடுநாள் படுக்கையில் கிடத்தி, விரல்களைக் கோணலாக்கிற்று. அவ்விரல்களைக் கொண்டே கத்தி பிடிக்கப் பழகிக் கண் சிகிச்சை நிபுணரானார். 1976-இல், ஐம்பத்தெட்டு வயதில் அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், மதுரையில் பதினொரு படுக்கைகளுடன் கண் ஆஸ்பத்திரி ஒன்றைத் தொடங்கி, அதற்கு அரவிந்தர் பெயரையே இட்டார். அதன் கிளை 2003 முதல் நம் புதுவையை அடுத்த தவளக்குப்பத்தில் இயங்குகிறது. நம் கிராமத்து முதியோர் பலருக்குப் பார்வை தந்துள்ளது.

வீட்டில் செய்யத்தக்கவை

எல்லாச் சிகிச்சைக்கும் விதி ஒன்றன்று. கண்புரை நீக்கியவர் சில நாள் கண்ணைக் கசக்காமலும், கண்ணில் நீர் படாமலும் இருத்தல் வேண்டும். வயிற்றில் சிகிச்சை பெற்றவர் நடக்கலாம்; ஆனால் பல வாரங்களுக்குக் குடம் தூக்கலாகாது. மார்பெலும்பைப் பிளந்து இதய சிகிச்சை பெற்றவர் கைகளால் ஊன்றி எழுதலும் கூடாது. ஆகவே ஆஸ்பத்திரியை விட்டுப் புறப்படுமுன் டாக்டரிடம் ஐந்து கேள்விகளைக் கேட்டு விடைகளை எழுதிக்கொள்ளுதல் நன்று: எப்போது நடக்கலாம்? காலில் முழு எடையையும் ஊன்றலாமா? எதைச் செய்யவே கூடாது? வலி மாத்திரையை எவ்வேளையில் கொடுப்பது? மறுபடி எப்போது வருவது?

டாக்டர் இசைந்தபின் முதற்படி படுக்கையிலேயே தொடங்குகிறது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பத்து முறை ஆழ்ந்து மூச்சிழுத்து மெல்ல விடுதல், பாதங்களை மேலும் கீழுமாகப் பத்து முறை அசைத்தல், தொடைச் சதையை இறுக்கித் தளர்த்தல் ஆகியவற்றிற்குச் செலவு ஏதுமில்லை. இரண்டாவது படி, காலைத் தொங்கவிட்டுக் கட்டிலோரத்தில் இரண்டு நிமிடம் உட்காருதல். தலை சுற்றல் அடங்கிய பின்னரே நிற்க வேண்டும். மூன்றாவது படி, நான்கு கால் ஊன்றுகோலுடன் நடத்தல். ஊன்றுகோலை முதலில் முன்வைத்து, அடுத்துச் சிகிச்சை நடந்த காலையும், பின் நல்ல காலையும் எடுத்து வைக்க வேண்டும். கைத்தடிக்கு மாறும்போது, வலியுள்ள காலுக்கு எதிர்ப்புறக் கையில் தடியைப் பிடித்தல் வேண்டும். நம்மவர் பெரும்பாலும் வலியுள்ள பக்கமே பிடிக்கின்றனர். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது சிகிச்சை நடந்த கால் முதலில். நடை உறுதிப்பட்ட பின், நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரும் பயிற்சியைப்போல் தொடைக்கு வலிமை தருவது வேறில்லை.

வலியைப் பற்றி ஒரு சொல். சிறிது வலி இருக்கும், அது இயற்கை. வலி மாத்திரையை டாக்டர் கூறியபடி உண்டு, அது வேலை செய்யும் நேரத்தில் நடந்தால் நடை எளிதாகும். ஆனால் கெண்டைக்காலில் வீக்கத்தோடு கூடிய வலி, திடீர் மூச்சுத் திணறல், மார்புவலி, காய்ச்சல், தையலில் சீழ், அதுவரை ஊன்றிய கால் திடீரென்று ஊன்ற முடியாமற்போதல் ஆகிய இவற்றில் எது தோன்றினும் காலதாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

உணவில் நம்மவர் செய்யும் பிழை பெரிது. தையல் போட்ட உடம்பு சீழ் கோக்கும் என்று முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திக் கஞ்சியும் ரசமும் கொடுக்கிறோம். காயம் ஆறுவதற்கும் சதை வளர்வதற்கும் புரதச் சத்தே முதற்பொருள். சிகிச்சை பெற்ற முதியவருக்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்குத் தினம் ஒரு கிராமுக்குக் குறையாமலும், ஒன்றரைக் கிராம் வரையிலும் புரதம் வேண்டுமென்பர். ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு ஐம்பது முதல் எழுபத்தைந்து கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ ஆறு கிராம் கிடைக்கிறது. பருப்பு, பால், தயிர், வேர்க்கடலை, சுண்டல் ஆகியவற்றாலும், மீன் உண்பவர் மீனாலும் மீதியை நிரப்பலாம். சிறுநீரக நோயுள்ளவர் மட்டும் டாக்டரைக் கேட்டே அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

வீட்டையும் சற்றுத் திருத்த வேண்டும். கால் மிதியையும் தரையில் ஓடும் மின்கம்பியையும் அகற்றுக. கட்டிலிலிருந்து கழிவறை வரை இரவில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். கழிவறைச் சுவரில் ஓர் இரும்புக் குழாயைக் கைப்பிடியாகப் பதிக்க ஒரு கொத்தனாரின் அரைநாள் வேலை போதும். இடுப்புச் சிகிச்சை பெற்றவர் தரையில் குந்தி உட்காருதல் ஆகாதாகையால், உயர்ந்த இருக்கை ஒன்று தேவை.

ஊக்கத்தை வளர்ப்பது எப்படி?

நமது அன்னையாரிடம் நடைப் பயிற்சியைத் தொடங்கியபோது அவர் ஒப்பவில்லை. "இந்த வயதில் நடந்து எங்கே போகப் போகிறேன்?" என்றார். கால் வலிமையைக் காட்டிலும் இக்கேள்விக்கு விடையே முதலில் தேவைப்பட்டது. எங்கே போக விருப்பம் என்று வினவினோம். சற்றுப் பொறுத்து, "மாசி மகத்துக்கு" என்றார். வைத்திக்குப்பம் கடற்கரையில் மாசி மகத்தன்று பல ஊர்த் தெய்வங்கள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவதைச் சிறு வயது முதல் ஓராண்டும் தவறாது கண்டவர் அவர். நாட்காட்டியில் அந்நாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டோம். ஏறத்தாழ மூன்று மாதங்கள் இருந்தன.

முதல் வாரம் கட்டிலிலிருந்து கூடம் வரை. அடுத்த வாரம் பின்கட்டு வரை. வீழ்ந்த இடத்தைக் கடக்கும்போது மட்டும் நம் கையைப் பற்றிக்கொண்டார். பிறகு வாசல் திண்ணை. நடந்த நாளெல்லாம் நாட்காட்டியில் ஒரு கோடு இழுக்கும் வேலையைப் பேத்தி ஏற்றுக்கொண்டாள். சில நாள் கோடு விழவில்லை. மழை, சளி, மனச்சோர்வு என்று காரணங்கள் இருந்தன. அதனால் கணக்கு முறிந்துவிடவில்லை. மறுநாள் மீண்டும் தொடங்கினோம். தாமாகச் செய்யக்கூடிய எதையும் நாம் செய்துதருவதில்லை என்று வீட்டில் அனைவரும் முடிவு செய்தோம். கீரை ஆய்வதும் பூண்டு உரிப்பதும் அவரது வேலையாயின. அவர் தட்டுத் தடுமாறி எழும்போது கை நீட்டாது நிற்பது நமக்குக் கடினமாகவே இருந்தது. ஆனால் அருகில் நிற்பது வேறு, தூக்கிவிடுவது வேறு என்பதைக் கற்றுக்கொண்டோம்.

தை மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில் அவரைக் கடற்கரைச் சாலைக்கு அழைத்துச் சென்றோம். மாலை ஆறு மணி முதல் காலை ஏழரை மணி வரை அச்சாலையில் வண்டிகளுக்கு அனுமதியில்லை. மேடுபள்ளமற்ற சமதரை, உட்காரத் திட்டுகள், கடற்காற்று. புதிதாக நடை பழகுவோர்க்கு இதனினும் ஏற்ற இடம் அரிது. அங்கே தம் வயதினர் பலர் தடியோடும் துணையோடும் நடப்பதை அன்னையார் கண்டார். நாம் மூன்று மாதம் கூறிய அறிவுரையைவிட அக்காட்சி அதிகம் செய்தது. புதுவைக்கே உரிய மற்றொரு பழக்கமும் உண்டு. பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்ற இரும்புக் குண்டு விளையாட்டை நம் ஊர் முதியோர் சிலர் இன்றும் ஆடுகின்றனர். குண்டை எறிந்து, நடந்து சென்று, குனிந்து எடுத்து, மீண்டும் எறிதலில் தேகப் பயிற்சியும் நட்பும் ஒருங்கே அமைந்துள்ளன. நன்கு குணமடைந்தவர்க்கு அது ஏற்றது.

ஊரார் செய்யத்தக்கவை

புதுவையில் சிகிச்சைக்குக் குறைவில்லை. 1823-இல் பிரெஞ்சு ஆட்சியில் தோன்றிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மரில், உடல் மீட்புக்கெனத் தனித் துறையே உள்ளது. எழுபது வயது நிரம்பியவர்க்கு, வருமானம் எதுவாயினும், குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உதவி அளிக்கும் மத்திய அரசுத் திட்டமும் 2024 அக்டோபரில் வந்துள்ளது. ஆனால் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பின் வரும் ஆறு வாரங்கள் ஆஸ்பத்திரியின் கையிலில்லை. வீட்டாரின் கையிலும் ஊராரின் கையிலும் உள்ளன.

ஆகவே கொம்யூன் பஞ்சாயத்து ஊழியர்களையும், மகளிர் சுய உதவிக் குழுவினரையும், இளைஞர் மன்றத்தாரையும் வேண்டுவது இதுவே. உங்கள் தெருவில் சிகிச்சை முடிந்து வந்த முதியவர் யாவர் என்று விசாரித்து அறியுங்கள். வாரம் இருமுறை அவரைக் காணச் செல்லுங்கள். சென்றால் கட்டிலருகே உட்கார்ந்து அனுதாபம் கூறிவிட்டு வராமல், திண்ணை வரை உடன் நடந்துவிட்டு வாருங்கள். ஒருவர் வாங்கிப் பயன்படுத்தி மூலையில் சாத்திய ஊன்றுகோலையும் உயர்ந்த கழிவறை நாற்காலியையும் குழு பெற்று வைத்து, அடுத்துத் தேவைப்படுவோர்க்குக் கொடுத்து வாங்கலாம். கோயிலிலும் நியாயவிலைக் கடையிலும் படிக்கட்டின் அருகே சாய்தளமும் கைப்பிடியும் அமைக்கச் சொல்லி விண்ணப்பம் செய்யுங்கள்.

மாசி மகத்தன்று கூட்டம் மிகுந்திருந்தமையால் அன்னையாரைக் கடற்கரை மணலுக்கு அழைத்துச் செல்ல நாம் துணியவில்லை. தெய்வங்கள் செல்லும் வீதியின் முனை வரை தடியூன்றித் தாமாகவே நடந்துவந்தார். வழியில் இரண்டு இடங்களில் நின்று இளைப்பாறினார். தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒவ்வொரு தெய்வமாகக் கண்டு கும்பிட்டார். வழியில் போன பழைய சிநேகிதிகள் நின்று நலம் விசாரித்தனர். திரும்பும்போது நாம் ஆட்டோ அமர்த்தலாமா என்று கேட்டோம். "வந்தவளுக்குப் போகத் தெரியாதா?" என்று கூறித் தடியை எடுத்துக்கொண்டார்.